டெஸ்ட்ல பாஸான பழைய சின்ன கார்: அந்த பாஸை எவ்வளவு தூரம் நம்பலாம்?

பழைய சின்ன கார் விக்கிறவங்க விளம்பரத்துல முதல் வரி பெரும்பாலும் "டெஸ்ட் இப்பதான் முடிஞ்சுது, கிளீன் பாஸ்"னு தான் இருக்கும், வாங்குறவங்களும் அதப் படிச்சதுமே பாதி தைரியம் வந்த மாதிரி ஆயிடுவாங்க. இந்த டெஸ்ட்ங்கறது வண்டிக்கு அப்பப்ப சட்டப்படி எடுக்க வேண்டிய பாதுகாப்புப் பரிசோதனை; பிரிட்டன்ல எம்ஓடி, ஜெர்மனில எச்யு (ஆனா எல்லாரும் டூஃப்னுதான் சொல்லுவாங்க), நெதர்லாந்துல ஏபிகே, ஜப்பான்ல ஷாகென்னு பேரு ஊருக்கு ஊரு மாறும், ஆனா எல்லாமே கேக்குற கேள்வி ஒண்ணுதான்: இந்த வண்டி இன்னைக்கு ரோட்டுல போனா அடுத்தவனுக்கு ஆபத்தா இல்லையா? நீங்க காசு குடுத்து வாங்குறப்போ கேக்குற கேள்வி வேற, இந்த வண்டி இன்னும் மூணு வருஷம் என்னைக் கழுத்தறுக்காம ஓடுமா அப்டிங்கறது. இந்த ரெண்டு கேள்விக்கும் நடுவுல இருக்குற இடைவெளியப் பத்திதான் இங்க பேசப் போறேன், ஏன்னா சின்ன கார் விஷயத்துல அந்த இடைவெளி கொஞ்சம் பெருசு.

முதல்ல டெஸ்ட்டோட பொறப்பப் பாத்தாலே பாதி புரிஞ்சிடும். பிரிட்டன்ல 1960ல ஆரம்பிச்சப்போ 10 வயசு தாண்டின வண்டிக்கு மட்டும்தான் டெஸ்ட், அதுலயும் பிரேக், லைட், ஸ்டியரிங் இது மூணுதான் பாத்தாங்க. அப்புறம் அந்த வயச கொறச்சு கொறச்சு 1967ல 3 வருஷத்துக்குக் கொண்டு வந்தாங்க, டயர், சீட் பெல்ட், புகைன்னு ஒவ்வொண்ணா சேந்துச்சு. ஐரோப்பிய யூனியன்ல 2014ல வந்த சட்டம் குறைஞ்சது முதல் 4 வருஷத்துல ஒண்ணு, அப்புறம் 2 வருஷத்துக்கு ஒண்ணுன்னு சொல்லுது, அதவிட அடிக்கடி வேணும்னா அந்தந்த நாடு வச்சுக்கலாம். ஜெர்மனில புது காருக்கு 3 வருஷம், அப்புறம் ரெண்டு ரெண்டு வருஷம். ஸ்வீடன்ல 36 மாசம், 24 மாசம், அதுக்கப்புறம் 14 மாசத்துக்கு ஒரு தடவ. இது எதுவுமே வாங்குறவனுக்காக செஞ்ச ஏற்பாடு கிடையாது, விபத்தக் குறைக்க செஞ்ச ஏற்பாடு.

அதனால அளவுகோலும் அப்படித்தான் இருக்கும். டயர் பட்டன் 1.6 மில்லிமீட்டர் இருந்தா போதும், புது டயர்ல கிட்டத்தட்ட 8 மில்லிமீட்டர் இருக்கும்னு வச்சுக்கோங்க, அப்ப 1.8 இருக்குற டயரும் பாஸ், ஆனா ரெண்டு மாசத்துல அது சட்டவிரோத டயர். பிரேக்குக்கு ஐரோப்பிய விதிப்படி 2012க்கு அப்புறம் ரெஜிஸ்டர் ஆன காருக்கு வண்டி எடையில 58% பிரேக் பலம் வேணும், அதுக்கு முந்தினதுக்கு 50% போதும், ஹேண்ட் பிரேக்குக்கு வெறும் 16%. ஒரே அச்சுல இடது சக்கரமும் வலது சக்கரமும் 30%க்கு மேல வித்தியாசமா பிடிச்சா ஃபெயில். அப்ப 28% வித்தியாசம் இருந்தா? பாஸ். பரீட்சை மாதிரிதான், 35 மார்க் எடுத்தவனும் பாஸ், 95 மார்க் எடுத்தவனும் பாஸ், சர்டிஃபிகேட்ல மட்டும் மார்க் போட மாட்டாங்க, அவ்ளோதான். ஆனா பிரேக் ரோலர்ல (சக்கரத்த உருட்டி பிரேக் பலத்த அளக்குற மெஷின்) ஏத்தி பாத்தா மெஷின்ல நம்பர் வரும், சில இடத்துல அத பிரின்ட்டும் குடுப்பாங்க, அந்தத் துண்டுப் பேப்பர் கிடைச்சா சர்டிஃபிகேட்டவிட அதுதான் மதிப்பு, கேட்டு வாங்கிப் பாருங்க. இதுல சின்ன கார்ல ஒரு வேடிக்கை என்னன்னா வண்டி லேசு, காலியா ஏத்தினா சக்கரம் சீக்கிரமே லாக் ஆயிடும். லாக் ஆனா பிரேக்கு அதுக்கு மேல பிடிக்க வழியில்லைன்னு எடுத்துக்கிட்டு, பிரிட்டன் விதிப்படி பாதிக்கு மேல சக்கரம் லாக் ஆயிட்டா சதவீதம் கொறஞ்சாலும் பாஸ் பண்ணிடலாம்.

இனி டெஸ்ட்ல பாக்காத ஐட்டங்க. இஞ்சின் உள்ள எப்படி இருக்கு, கியர்பாக்ஸ், கிளட்ச் இது மூணும் எம்ஓடியில சேராதுன்னு பிரிட்டன் அரசாங்கமே வெளிப்படையா சொல்லியிருக்கு. டைமிங் பெல்ட் மாத்தி எத்தன வருஷம் ஆச்சு, ஹெட் கேஸ்கெட் கசியுதா, ஏசி வேல செய்யுதா, கூலன்ட் பழசா, இதெல்லாம் டெஸ்ட் பண்றவருக்கு சம்பந்தமே இல்லாத விஷயம். ஜெர்மனில ஏடிஏசின்னு ஒரு பெரிய கார் சங்கம் இருக்கு, ரோட்டுல நின்னு போன வண்டிய வந்து எடுத்து விடுறவங்க, அவங்க வருஷா வருஷம் போடுற கணக்குல நடுவழில நிக்குறதுக்கு முதல் காரணம் 12 வோல்ட் பேட்டரி, 40%க்கு மேல அது ஒண்ணுதான். டெஸ்ட்ல அந்த பேட்டரி ஒழுங்கா மாட்டியிருக்கா, கசியலையான்னு பாப்பாங்களே தவிர இன்னும் எத்தன குளிர்காலம் தாங்கும்னு யாரும் பாக்க மாட்டாங்க. சின்ன தூரம் மட்டும் ஓடுற சின்ன கார்ல பேட்டரி எப்பவுமே அரை வயிறுதான், ஸ்டார்ட் பண்ண எடுத்த கரண்ட்ட திருப்பி ஏத்தறதுக்குள்ள வீடு வந்துடும். ஆக காலையில ஸ்டார்ட் ஆகாத காரும் மத்தியானம் டெஸ்ட்ல கிளீன் பாஸ் வாங்கலாம், இதுல முரண்பாடே இல்ல.

சரி, ஒரு தனி வண்டி சர்டிஃபிகேட் இப்படின்னா, லட்சக்கணக்கான வண்டியோட டெஸ்ட் முடிவ சேத்து மாடல் வாரியா போடுறாங்களே அது நம்பலாமான்னு அடுத்த கேள்வி. இதுல ஜெர்மனி டூஃப் ரிப்போர்ட் தான் ரொம்ப பிரபலம், கிட்டத்தட்ட ஒரு கோடி டெஸ்ட்டோட முடிவ வச்சு வயசு வாரியா, மாடல் வாரியா பெரிய குறை எத்தன சதவீதம்னு போடுவாங்க. 2025 ரிப்போர்ட்ல முதலிடம் ஹோண்டா ஜாஸ், சின்ன கார்தான், பெரிய குறை வெறும் 2.4%. 2026 ரிப்போர்ட்ல மஸ்டா 2, அதுவும் சின்ன கார், 2.9%. கடைசி இடம் ரெண்டு வருஷமும் டெஸ்லாவுக்கு, முதல்ல மாடல் 3, அப்புறம் மாடல் ஒய். உடனே பேப்பர்காரங்க "சின்ன கார் ஜெயிச்சுது, எலெக்ட்ரிக் தோத்துது"ன்னு தலைப்பு போட்டாங்க, அது பாதி உண்மைதான்.

மொதல்ல அந்த தலைப்புல வந்த சதவீதம் 2, 3 வயசு வண்டிக்கு, அதாவது வாழ்க்கையில முதல் டெஸ்ட்டுக்குப் போற வண்டிக்கு. நீங்க பாக்குறது 10 வயசு வண்டின்னா அந்த நம்பருக்கும் உங்களுக்கும் சம்பந்தம் கம்மி. மொத்தமா எல்லா மாடலையும் சேத்துப் பாத்தாலே 2, 3 வயசுல நூத்துக்கு ஆறேழு வண்டில பெரிய குறை இருக்கும், 12, 13 வயசுக்கு வந்தா நாலுல ஒண்ணுக்கு மேல. அந்த வயசு வரிசையில உங்க மாடல் எங்க இருக்குன்னுதான் தேடணும். அதுலயும் ஒரு மறைவான விஷயம் இருக்கு, 13 வயசு வரிசையில இருக்குறது உயிரோட மிச்சம் இருக்குற வண்டிங்க மட்டும்தான். ரிப்பேர் செலவு வண்டி விலையத் தாண்டினதும் சின்ன கார தூக்கி ஸ்கிராப்புக்குப் போட்டுடுவாங்க, விலை ஒசந்த கார ரிப்பேர் பண்ணி வச்சுப்பாங்க. ஆக ஒரு சின்ன மாடல் 13 வயசுல நல்லா தெரியுதுன்னா அது உண்மையிலயே நல்ல வண்டியா, இல்ல மோசமானதெல்லாம் ஏற்கனவே நசுக்கப்பட்டு போயிடுச்சாங்கறத அந்த சதவீதத்த மட்டும் வச்சு பிரிக்க முடியாது.

அடுத்தது கிலோமீட்டர், என்னைக் கேட்டா இதுதான் ரொம்ப முக்கியம். ஜாஸ் மாதிரி காரெல்லாம் வீட்ல ரெண்டாவது வண்டி, இல்ல வயசானவங்க ஓட்டுற வண்டி, வருஷத்துக்கு கொஞ்சமா ஓடும், ஷோரூம் சர்வீஸ்க்கு தேதி தவறாம போகும். டெஸ்லாவோ லீஸ்ல கம்பெனி வண்டியா நிறைய ஓடும், வருஷா வருஷம் சர்வீஸ்க்குக் கொண்டு வரணும்ங்கற கட்டாயமும் இல்ல, அதனால டெஸ்ட்ல போய்தான் முதல் தடவ யாரோ கீழ படுத்துப் பாக்குறாங்க. கூடவே மோட்டாரே வேகத்தக் கொறைக்குறதால பிரேக் டிஸ்க்குக்கு வேலையே இல்ல, துரு பிடிக்குது. இப்ப கணக்குக்காக நானா ஒரு நம்பர் போடுறேன், ஒரு சின்ன கார் 30,000 கிலோமீட்டர் ஓடி 5% குறை, ஒரு பெரிய டீசல் 80,000 ஓடி 8% குறைன்னா டேபிள்ல சின்ன கார் மேல, ஆனா 10,000 கிலோமீட்டருக்கு எவ்வளவுன்னு பாத்தா சின்னதுக்கு 1.7, பெருசுக்கு 1. ஆர்டர் தலைகீழா மாறிடுச்சு பாருங்க. இதையும் கண்ண மூடிக்கிட்டு செய்யக் கூடாது, ஏன்னா துருவும் ரப்பரும் கிலோமீட்டர் பாத்து கெடாது, காலத்தப் பாத்து கெடும், சஸ்பென்ஷனும் பிரேக் பேடும்தான் ஓட்டத்தப் பாத்து தேயும். டூஃப் ரிப்போர்ட்ல ஒவ்வொரு மாடலுக்கும் சராசரி கிலோமீட்டர் பக்கத்துலயே இருக்கும், சதவீதத்தப் பாக்குற கண்ணு அங்கயும் ஒரு தடவ போகணும்.

மாடலா, ஓனராங்கற கேள்விக்கு சின்ன கார் உலகத்துலயே ஒரு அழகான பரிசோதனை கிடைக்குது. டொயோட்டா அய்கோ, பெஜோ 107, சிட்ரோயன் சி1 மூணும் செக் நாட்டுல கோலின்ங்கற ஊருல 2005ல இருந்து ஒரே ஃபேக்டரில வந்த வண்டி, பம்பரும் லைட்டும் பேட்ஜும் தவிர்த்துப் பாத்தா ஒரே கார். ஃபோக்ஸ்வாகன் அப், ஸ்கோடா சிட்டிகோ, சியட் மீ மூணும் அதே கதை, பிராட்டிஸ்லாவால செஞ்சது. இப்படி இரட்டைப் பிள்ளைங்களோட ஃபெயில் சதவீதம் ஒண்ணுக்கொண்ணு விலகி நின்னா அந்த வித்தியாசத்துக்கு காரணம் இரும்புல இல்ல, யாரு வாங்கினாங்க, எங்க சர்வீஸ் விட்டாங்க, எவ்வளவு ஓட்டினாங்கங்கறதுல இருக்கு. ஒரு மாடல் டேபிள்ல மோசமா தெரிஞ்சா அதோட இரட்டையையும் தேடிப் பாருங்க, ரெண்டும் ஒரே ஐட்டத்துல விழுந்தா வண்டில கோளாறு, ஒண்ணு மட்டும் விழுந்தா ஓனர்ங்க கோளாறு. விலை கம்மியான பிராண்டுங்க டேபிள்ல கீழ கிடக்குறதையும் இந்தக் கண்ணால பாக்கணும், டாசியா லோகன் பல வருஷம் கடைசில கிடந்துச்சு, மலிவா வாங்கினவங்க சர்வீஸுக்கும் மலிவாத்தான் செலவு பண்ணுவாங்கங்கறது அதுல கலந்திருக்கு, எவ்வளவு கலந்திருக்குன்னு பிரிக்கறதுதான் கஷ்டம்.

அதனால சதவீதத்த விட்டுட்டு எந்த ஐட்டத்துல ஃபெயில்னு பாக்கறதுதான் புத்திசாலித்தனம். பிரிட்டன்ல கார்களோட முதல் முயற்சில பத்துக்கு மூணுக்கு கொஞ்சம் கம்மியா ஃபெயில் ஆகுது, அதுல லைட், சஸ்பென்ஷன், பிரேக், டயர் இது நாலும்தான் எப்பவும் மேல. லைட் ஃபெயில்ங்கறது பெரும்பாலும் ஒரு பல்பு, டயர் ஃபெயில்ங்கறது தேஞ்ச டயர், ரெண்டும் வண்டியோட குணத்தப் பத்தி எதுவுமே சொல்லாது, ஓனர் டெஸ்ட்டுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் வண்டியச் சுத்தி வந்தாரா இல்லையான்னுதான் சொல்லும். சொல்லப்போனா நான் லைட், டயர், வைப்பர் ஃபெயில எல்லாம் கணக்குலயே எடுக்க மாட்டேன். காயில் ஸ்பிரிங் உடைஞ்சிருக்கறது, கீழ் ஆர்ம் புஷ் (சஸ்பென்ஷன் மூட்டுல இருக்கற ரப்பர்), பால் ஜாயின்ட், பின் அச்சு துரு, பிரேக் பைப் துரு, இதுங்கதான் பேச வேண்டியது.

சின்ன கார்ல இதுங்க ஏன் வருதுங்கறதுக்கு காரணம் இருக்கு. சின்ன சக்கரம், குட்டை வீல்பேஸ், டவுனுக்குள்ளயே ஓட்டம், பள்ளமும் ஸ்பீட் பிரேக்கரும்தான் அதோட வாழ்க்கை, அதனால ஆன்ட்டி ரோல் பார் லிங்க்கும் புஷ்ஷும் சீக்கிரம் லூசாயிடும், இது சின்ன செலவு, பயப்பட வேணாம். ஸ்பிரிங் உடையறது குளிர் நாட்டுல உப்பு போடுற ரோட்டுல அதிகம், பெயின்ட் உரிஞ்ச எடத்துல துரு புடிச்சு அடிச் சுத்துல ஒரு துண்டு உடைஞ்சு விழும், ஓட்டுறவருக்கு தெரியவே தெரியாது, டெஸ்ட்லதான் தெரியும். பின் பிரேக்கு சின்ன கார்ல பாதிக்கு மேல டிரம், பின்னாடி எடையே இல்லாததால பிரேக் போட்டா முன்னாடி சக்கரம்தான் வேலை செய்யும், பின்னாடி சிலிண்டரும் அட்ஜஸ்டரும் சும்மாவே கிடந்து இறுகிப் போயிடும், அப்புறம் ரோலர்ல ஏத்தினா ஒரு பக்கம் பிடிக்கும் ஒரு பக்கம் பிடிக்காது, அந்த 30% விதில மாட்டும். சைலன்சர் விஷயமும் இப்படித்தான், ரெண்டு கிலோமீட்டர் ஓட்டத்துல எக்ஸாஸ்ட் சூடே ஆகாது, உள்ள தண்ணி நிக்கும், உள்ளேருந்தே ஓட்டை விழும். புகை டெஸ்ட்டும் அதே காரணத்தால போகும், பெட்ரோல் கார்ல புகைய சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சூடாகாம கார்பன் மோனாக்ஸைடு இறங்காது, வேகமான ஐடிலிங்ல 0.2%க்குள்ள இருக்கணும், நல்ல வண்டியும் குளிர்ந்த இஞ்சினோட போனா தாண்டிடும், அரை மணி நேரம் ஓட்டிட்டு போனா அதே வண்டி பாஸ்.

துரு மட்டும் தனி. எம்ஓடியில ஒரு விதி இருக்கு, சீட் பெல்ட் மாட்டுற எடம், சஸ்பென்ஷன் மாட்டுற எடம், ஸ்டியரிங், பிரேக் மாட்டுற எடம், இதுங்கள்ல இருந்து 30 சென்டிமீட்டருக்குள்ள பலம் போற அளவு துரு இருந்தா ஃபெயில். அதுக்கு வெளியில பெருசா ஓட்டையே இருந்தாலும் கூர்மையா நீட்டிக்கிட்டு இருந்தா, இல்ல வண்டி ஓட்டத்தையே பாதிச்சாத்தான் பிரச்சனை. அதுமட்டுமில்ல, டெஸ்ட் பண்றவர் எதையும் கழட்டக் கூடாது, கார்ப்பெட்ட தூக்கக் கூடாது, பிளாஸ்டிக் கவருக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு அவருக்கும் தெரியாது, கையில ஒரு குட்டி சுத்தியல் மாதிரி கருவி, அதால தட்டிப் பாத்து சத்தத்த வச்சு முடிவு பண்ணுவார். விக்கறதுக்கு முன்னாடி அடியில கருப்பா புதுசா அண்டர்கோட் அடிச்சிருந்தா அந்த சத்தமும் மாறும். பல்பு மாத்தலாம், ஸ்பிரிங் மாத்தலாம், ஆனா கதவுக்கு அடியில நீளமா ஓடுற சில் பகுதியில துரு வந்த மலிவு கார வெல்டிங் பண்ணி காப்பாத்தறது காசுக்கு தகாது, அதனால சின்ன கார் சாகுறது இஞ்சினால இல்ல, பெரும்பாலும் இதாலதான்.

இனி டெஸ்ட் பண்றவங்கள எவ்வளவு நம்பலாம்? இங்க நாட்டுக்கு நாடு ஏற்பாடு வேற. பிரிட்டன்ல டெஸ்ட் பண்ற கேரேஜே ரிப்பேரும் பண்ணலாம், அதனால ரெண்டு பக்கமும் சந்தேகம் வரும், வேலை புடிக்க சும்மா ஃபெயில் போடுறாங்களோன்னு ஒண்ணு, தெரிஞ்ச வியாபாரிக்கு கண்ண மூடி பாஸ் போடுறாங்களோன்னு ஒண்ணு. வட அயர்லாந்துல அரசாங்க சென்டர்லதான் டெஸ்ட், அங்க ரிப்பேர் கிடையாது, ஆனா 2020 ஜனவரில கார் தூக்குற லிஃப்ட்டுலயே விரிசல் கண்டுபிடிச்சு டெஸ்ட்ட நிறுத்தி நிறைய பேருக்கு விதிவிலக்கு குடுக்க வேண்டி வந்துச்சு, டெஸ்ட் பண்ற சென்டரே டெஸ்ட்ல ஃபெயிலான கதை அது. நெதர்லாந்து ஏற்பாடு எனக்குப் பிடிச்சது, கேரேஜ் பாஸ்னு கம்ப்யூட்டர்ல போட்டதும் நூத்துக்கு 3 வண்டிய சிஸ்டமே பொறுக்கி எடுக்கும், அரசாங்க இன்ஸ்பெக்டர் வந்து மறுபடி பாக்குற வரைக்கும் வண்டி அங்கேருந்து நகரக் கூடாது. ஜெர்மனில டெஸ்ட் கம்பெனி ரிப்பேர் பண்ணாது, ஆனா நிறைய பேர் வண்டிய மொதல்ல ஒர்க்ஷாப்ல விட்டு சரி பண்ணிட்டு அங்கயே இன்ஸ்பெக்டர வரவச்சு டெஸ்ட் முடிப்பாங்க, அப்ப அந்த வண்டியோட குறை புள்ளிவிவரத்துக்கே வராது. ஷோரூம் சர்வீஸ் போற பிராண்டுங்க டேபிள்ல மேல தெரியறதுக்கு இதுவும் ஒரு காரணம். பிரிட்டன்லயும் டெஸ்ட் நேரத்துல கண்டுபிடிச்சு ஒரு மணி நேரத்துக்குள்ள அங்கயே சரி பண்ணிட்டா தனி வகையா பதிவாகும், அத ஃபெயில்ல சேத்து எண்ணுறீங்களா பாஸ்ல சேத்து எண்ணுறீங்களாங்கறதப் பொறுத்து ஒரே மாடலுக்கு ரெண்டு சதவீதம் வரும். 2018 மே மாசத்துல குறைய ஆபத்தானது, பெருசு, சின்னதுன்னு பிரிச்சு விதிய மாத்தினாங்க, அதனால அதுக்கு முந்தின வருஷத்தோட பிந்தின வருஷத்த நேரா ஒப்பிட்டா தப்பு வரும், 2020ல கொரோனாவால 6 மாசம் தள்ளிப் போட்டதும் சேந்து அந்த வருஷத்து கணக்கே கோணல்.

இவ்வளவும் மாடல் கணக்கு. கையில ஒரு குறிப்பிட்ட வண்டி இருந்தா அதோட சொந்த டெஸ்ட் வரலாறுக்கு முன்னாடி மாடல் கணக்கெல்லாம் ஒண்ணுமில்ல. பிரிட்டன்ல நம்பர் பிளேட்ட போட்டா அந்த வண்டியோட பழைய டெஸ்ட் முடிவு, அப்போ மீட்டர் காட்டின தூரம், என்ன ஃபெயில், என்ன எச்சரிக்கைன்னு (ஃபெயில் ஆகல, ஆனா கவனிங்கன்னு எழுதுற வரி) இலவசமா ஆன்லைன்ல வரும். நெதர்லாந்துல மீட்டர் ஓட்டம் ஒழுங்கா ஏறியிருக்கா, சந்தேகமான்னு அரசாங்க தளமே சொல்லிடும், பெல்ஜியத்துல விக்கறவர் கிலோமீட்டர் வரலாறுப் பேப்பர் குடுத்தே ஆகணும். ஜெர்மனில இப்படி பொதுவா தேட முடியாது, விக்கறவர்கிட்ட கடைசி ரிப்போர்ட்டயாவது கேக்கணும், பின் நம்பர் பிளேட்ல ஒட்டியிருக்கற ரவுண்டு ஸ்டிக்கர் அடுத்த டெஸ்ட் எப்பன்னு மட்டும் சொல்லும்.

வரலாறு கிடைச்சா படிக்கிற விதம் இருக்கு. பாஸ் ஃபெயில விடுங்க, எச்சரிக்கை வரிங்கள மட்டும் வருஷ வாரியா வரிசையா படிங்க. "பின் பிரேக் பைப்ல லேசா துரு"ன்னு ஒரு வருஷம், அடுத்த வருஷமும் அதே, அதுக்கடுத்த வருஷம் "துரு அதிகம்", ஆனா எந்த வருஷமும் சரி பண்ணல, இப்படிப் போச்சுன்னா அந்த ஓனர் ஃபெயிலாகுற வரைக்கும் எதையும் தொட மாட்டார்னு அர்த்தம், அப்படிப்பட்டவர் ஆயில் மட்டும் ஒழுங்கா மாத்தியிருப்பார்னு நம்பறதுக்கு எந்த ஆதாரமும் இல்ல. மாறா ஒரு வருஷம் எச்சரிக்கை வந்து அடுத்த வருஷம் அந்த வரி காணாம போயிருந்தா நல்ல ஓனர், அந்த வண்டி நடுவுல ரெண்டு தடவ ஃபெயிலாகியிருந்தாலும் நான் அதத்தான் எடுப்பேன். துரு வரி ஒண்ணு இருந்துச்சு, திடீர்னு காணாம போச்சு, ஆனா வெல்டிங் பில் இல்லன்னா அண்டர்கோட் அடிச்சு மறைச்சிருக்கலாம், லிஃப்ட்ல ஏத்தாம வாங்காதீங்க. டெஸ்ட்டுக்கு டெஸ்ட்டு நடுவுல ஒரு வருஷம் முழுக்க இடைவெளி இருந்தா வண்டி எங்க கிடந்துச்சுன்னு கேளுங்க, சும்மா நின்ன வண்டில பிரேக்கும் டயரும் ஓடின வண்டியவிட சீக்கிரம் கெடும்.

விளம்பரத்துல வர்ற அந்த "புது டெஸ்ட்" விஷயம், டெஸ்ட் தேதி முடிய இன்னும் 7 மாசம் இருக்கறப்பவே விக்கறதுக்காக புதுசா எடுத்திருந்தா அது யாரு கேரேஜ்ல எடுத்தது, பழைய டெஸ்ட்டெல்லாம் எடுத்த அதே எடமா, இல்ல வண்டி வாங்கி விக்கறவரோட எடமான்னு பாருங்க. அஞ்சு வருஷமா ஒரே கேரேஜ்ல நாலு நாலு எச்சரிக்கையோட பாஸான வண்டி திடீர்னு வேற ஊருல ஒரு எச்சரிக்கை கூட இல்லாம பாஸ் ஆகியிருந்தா, நடுவுல ரிப்பேர் பில் இருக்கணும். இல்லன்னா நீங்களே காசு குடுத்து, நீங்க சொல்ற எடத்துல இன்னொரு தடவ டெஸ்ட்ல ஏத்தச் சொல்லுங்க. டெஸ்ட் ஃபீஸ்ங்கறது ஒரு ஸ்பிரிங் மாத்தற கூலியவிட கம்மியாத்தான் வரும், அதுக்கு விக்கறவர் ஒத்துக்காம நழுவினா அந்த வண்டியப் பத்தி மேற்கொண்டு விசாரிக்க வேண்டிய அவசியமே இல்ல.